24 வருடம் ஒரே பள்ளியில் இருந்த டீச்சருக்கு ஏன் நல்லாசிரியர் விருது வரவில்லை?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். உங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் உங்களுக்குப் பாடம் எடுத்த டீச்சர் 24 வருடமாக அங்கேயே இருக்கிறார். இன்னும் மூன்று வருடத்தில் ஓய்வு. அக்கம்பக்கத்தில் யார் யாருக்கோ நல்லாசிரியர் விருது வருகிறது, அவருக்கு மட்டும் வரவில்லை. இந்த விருதை எப்படிக் கொடுக்கிறார்கள், சிபாரிசு இல்லாமல் கிடைக்குமா, பழைய மாணவர்கள் நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் இந்த மூன்றுக்கும் அடியில், அந்த டீச்சர் செய்ததை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம் என்று அவருக்கு எப்படித் தெரிவிப்பது என்ற கேள்வி ஒன்று கிடப்பதாக எனக்குப் படுகிறது. அதற்கும் வருகிறேன்.

நான் இடைநிலை ஆசிரியராக வேலையில் சேர்ந்து, நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராகி, கடைசி ஏழு வருடம் வட்டாரக் கல்வி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றேன். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் என்று பெயர், பிறகு பெயரை மாற்றினார்கள், வேலை மாறவில்லை. விருதுக்கான கருத்துருக்கள், அதாவது விண்ணப்பக் கோப்புகள், ஆண்டுதோறும் என் மேசையைத் தாண்டித்தான் மாவட்டத்துக்குப் போகும். அதனால் கீழ்த்தட்டில் என்ன நடக்கிறது என்பது நன்றாகத் தெரியும். மாநிலக் குழு கூடும் அறைக்குள் நான் போனதில்லை. எனக்கு அந்த விருது கிடைத்ததும் இல்லை. வயிற்றெரிச்சலில் பேசுவதாகத் தோன்றினால் அந்த அளவுக்குக் கழித்துப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயங்கள். ஊரில் நல்லாசிரியர் விருது என்று ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேறு விருதுகளை. ஒன்று தமிழ்நாடு அரசு தருவது. அதன் பெயர் டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது. 10,000 ரூபாய், ஒரு வெள்ளிப் பதக்கம், பாராட்டுச் சான்றிதழ். இன்னொன்று டெல்லியில் குடியரசுத் தலைவர் கையால் தரப்படும் தேசிய நல்லாசிரியர் விருது. 50,000 ரூபாய், வெள்ளிப் பதக்கம், சான்றிதழ். இரண்டும் செப்டம்பர் 5 அன்றுதான். (தேசிய விருது 1958-லேயே தொடங்கிவிட்டது. திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1962-ல் குடியரசுத் தலைவரான பிறகுதான் அவர் பிறந்தநாள் ஆசிரியர் தினமானது. ஆக விருது தினத்தைவிட மூத்தது.) மாநில விருது அண்மை ஆண்டுகளில் 380, 390 பேர் அளவுக்குத் தரப்படுகிறது. 38 மாவட்டம் என்றால் மாவட்டத்துக்குச் சராசரியாகப் பத்து. அந்தப் பத்துக்குள்தான் தொடக்கப் பள்ளி, நடுநிலை, உயர்நிலை, மேல்நிலை, உதவி பெறும் பள்ளி, மெட்ரிக், பயிற்சி நிறுவன விரிவுரையாளர் என்று எல்லாரும் அடங்க வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் மட்டுமே இரண்டு லட்சத்துக்கு மேல். 500 பேரில் ஒருவருக்குக்கூட ஒரு வருடத்தில் கிடைக்காது. தேசிய விருது இன்னும் குறுகல். முன்பு நாடு முழுவதும் 300-க்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், 2018-ல் விதியை மாற்றி 45, 50 என்று இறக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அண்மையில் வருவது ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு. ஆகவே உங்கள் டீச்சருக்கு விருது வராததை வைத்து அவரைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. என் வட்டாரத்தில் மட்டுமே, என் கணக்கில், விருதுக்குத் தகுதியான இருபது பேர் எப்போதும் இருந்தார்கள்.

அடுத்தது பலருக்குத் தெரியாத விஷயம். யாரும் தேடிக்கொண்டு வருவதில்லை. நல்ல ஆசிரியர் எங்கே இருக்கிறார் என்று அதிகாரிகள் ஊர் ஊராகப் போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதாக ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. மாநில விருதுக்கு ஆசிரியர் தன் விவரங்களை நிரப்பி, ஆதாரங்களை இணைத்து, கருத்துரு தர வேண்டும். அது தொடக்கக் கல்வி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக மாவட்டத்துக்குப் போகும். முதன்மைக் கல்வி அலுவலர் தலைமையிலான குழு பார்த்து மாநிலத்துக்கு அனுப்பும். தேசிய விருதுக்கு 2018-லிருந்து ஆசிரியரே இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது பத்து வருட நிரந்தரப் பணி இருக்க வேண்டும், டியூஷன் எடுப்பவராக இருக்கக் கூடாது. மாவட்டம் மூன்று பேரைத் தேர்ந்து மாநிலத்துக்கு அனுப்பும், மாநிலம் வடிகட்டி டெல்லிக்கு அனுப்பும், கடைசியில் நடுவர் குழு முன்னால் தான் செய்ததைத் தானே விளக்கிக் காட்ட வேண்டும். இரண்டு விருதுக்குமே துறை நடவடிக்கை எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. 17பி என்று நாங்கள் சொல்லும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். 24 வருடம் ஒரே ஊரில், ஒரே பள்ளியில் இருந்த ஒருவர், 'நான் ரொம்ப நல்ல ஆசிரியர்' என்று தன் கையால் எழுதி, போட்டோ ஒட்டி, எனக்கு விருது கொடுங்கள் என்று கேட்பாரா? சிலர் கேட்பார்கள், அதில் தப்பில்லை. பலர் கேட்க மாட்டார்கள். என் அனுபவத்தில் வகுப்பறையில் கெட்டிக்காரர்களில் பாதிப் பேருக்கு மேல் அந்தப் படிவத்தைத் தொட்டதே இல்லை. 'சார், அதெல்லாம் நமக்கு எதுக்கு' என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். உங்கள் டீச்சருக்கு ஏன் வரவில்லை என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்து மிகவும் சாத்தியமான பதில், அவர் விண்ணப்பிக்கவே இல்லை என்பதுதான். இதை முதலில் விசாரித்துவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

விண்ணப்பித்தவர்களுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு வருடம் என்னிடம் ஒரே நாளில் இரண்டு கருத்துரு வந்தன. ஒன்று 180 பக்கம், கலர் பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங். மரக்கன்று நட்டது, பேரணி போனது, அமைச்சரோடு நின்றது, பத்திரிகையில் வந்தது, தொண்டு நிறுவனம் கொடுத்த கேடயங்கள், எல்லாம் தேதிவாரியாக இருந்தன. இன்னொன்று கையால் எழுதிய ஆறு பக்கம். ஒரு மலையடிவாரப் பள்ளியின் ஆசிரியை. அந்த ஆறு பக்கத்தில் ஒரு பக்கம் முழுக்கப் பெயர்ப் பட்டியல்: அவர் பணியில் சேர்ந்ததிலிருந்து செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோரோடு போய், திரும்ப அவர் கூட்டிவந்து உட்கார வைத்த பிள்ளைகள், அவர்கள் கடைசியாக எந்த வகுப்பு வரை படித்தார்கள் என்பது. நான் இரண்டையும் அனுப்பினேன். இரண்டிலும் பரிந்துரைக் கட்டத்தில் ஒரே வரிதான் எழுதினேன்: 'பரிந்துரைக்கப்படுகிறது.' 180 பக்கம் தேர்வானது. அவர் மோசமான ஆசிரியர் இல்லை, நன்றாக உழைப்பவர்தான். ஆனால் அந்த இரண்டாவது கோப்பில், இந்தப் பட்டியலில் இருக்கும் பிள்ளைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன் என்று நான் நாலு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அந்த வாரம் பள்ளி, மாணவர் விவரங்களைக் கணினியில் ஏற்றும் எமிஸ் வேலை தலைக்கு மேல் இருந்தது என்பது காரணம். சாக்கு என்றும் சொல்லலாம்.

சரி, சிபாரிசு. நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். பணம் கைமாறி நான் பார்த்ததில்லை. போன் வந்திருக்கிறது. ஒன்றியத்தில் செல்வாக்குள்ளவர்கள் பேசியிருக்கிறார்கள், சங்கத்துப் பொறுப்பாளர்கள் 'இந்த முறை எங்கள் ஆளுக்கு' என்று கேட்டிருக்கிறார்கள். அந்த போன்கள் எல்லாம் பலித்ததா என்றால், இல்லை. பலித்ததே இல்லையா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். என் மதிப்பீடு: தகுதியே இல்லாதவரைச் சிபாரிசு மட்டும் மேலே தூக்கிவிடுவது அரிது, ஏனென்றால் கோப்பில் ஏதாவது இருந்தாக வேண்டும், குற்றச்சாட்டு இருக்கக் கூடாது. ஆனால் சமமான ஐந்து பேர் இருக்கும்போது யார் பெயர் குழுவினர் காதில் முன்பே விழுந்திருக்கிறதோ அவர் பக்கம் தராசு சாயும். இது நல்லாசிரியர் விருதுக்கு மட்டும் உரிய நோய் இல்லை.

இந்தக் குறையைச் சரிசெய்ய வேறு முயற்சியும் நடந்திருக்கிறது. 'கனவு ஆசிரியர்' என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2017-18-ல் அது தொடங்கியபோது மாவட்டத்துக்கு ஆறு பேர், அப்போதிருந்த 32 மாவட்டத்துக்கும் சேர்த்து 192 பேர், ஆளுக்கு 10,000 ரூபாய். கூடவே பள்ளிகளுக்கு 'புதுமைப் பள்ளி' விருது, மாவட்டத்துக்கு நான்கு. அதுவும் கோப்பு பார்த்துக் கொடுத்ததுதான். பிறகு வந்த அரசு அதே 'கனவு ஆசிரியர்' பெயரை வைத்துக்கொண்டு முறையை அடியோடு மாற்றிவிட்டது. மூன்று கட்டமாகத் தேர்வு வைத்து, தேறியவர்களைத் தேர்ந்தெடுத்து, அதிலும் மிக அதிக மதிப்பெண் எடுத்தவர்களை 2024 அக்டோபரில் பிரான்சுக்கே கூட்டிப்போய் வந்தார்கள். பரீட்சை என்பதால் போன் செல்லாது. அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் 55 வயதில், கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கிற ஒருவர் ஆன்லைன் தேர்வில் எத்தனை மதிப்பெண் எடுப்பார்? கோப்பு பார்க்கும் முறை ஆல்பம் போடத் தெரிந்தவரைத் தேர்ந்தெடுத்தது, தேர்வு வைக்கும் முறை பரீட்சை எழுதத் தெரிந்தவரைத் தேர்ந்தெடுத்தது. இரண்டு பேரும் மதிக்கத்தக்கவர்கள்தான். ஒன்றாம் வகுப்பு டீச்சர் இரண்டிலும் வெளியே நிற்கிறார்.

எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான். 'எண்ணும் எழுத்தும்' 2022-ல் ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது, எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் வாசிக்க வேண்டும் என்பதை இலக்காக வைத்தார்கள். ஒரு பள்ளிக்கூடம் செய்யும் வேலையிலேயே அதைவிட முக்கியமானது எதுவும் இல்லை என்பேன். அந்த வேலைக்குப் போட்டோ கிடையாது. ஒரு பிள்ளை ஜூனில் எழுத்துக்கூட்டத் தெரியாமல் இருந்து பிப்ரவரியில் பஸ் போர்டைப் படிக்கிறது என்பதை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? பத்தாம் வகுப்பு ஆசிரியருக்குத் தேர்ச்சி விழுக்காடு இருக்கிறது, 'என் பாடத்தில் இத்தனை சென்டம்' என்று சொல்ல முடிகிறது. தொடக்கப் பள்ளிக்காரருக்குச் சொல்ல எண்ணே கிடையாது. அதனால்தான் அவர்கள் மரம் நட்டதை எழுதுகிறார்கள்.

அங்கீகாரம் கொடுத்தால் பாடம் நடத்துவது மேம்படுமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. பக்கத்து ஆந்திரத்தில் 2005 முதல் சில ஆண்டுகள் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் எவ்வளவு முன்னேறுகிறார்களோ அதைப் பொறுத்து ஆசிரியருக்கு போனஸ். சராசரியாக ஆண்டுச் சம்பளத்தில் மூன்று விழுக்காடு அளவுதான். இரண்டு வருடத்தில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் மற்ற பள்ளிகளைவிடத் தெளிவாக முன்னேறினார்கள், போனஸ் கணக்கில் வராத அறிவியலிலும் சமூக அறிவியலிலும்கூட. இதைக் காட்டி, 'பார்த்தீர்களா, விருது வேலை செய்கிறது' என்று சிலர் வாதாடுவார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே ஒவ்வொரு ஆசிரியருக்கும் வாய்ப்பு இருந்தது, எதைச் செய்தால் கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது, பிள்ளை எங்கே தொடங்கியது என்பதையும் கணக்கில் எடுத்தார்கள். 500-ல் ஒருவருக்குச் செப்டம்பரில் கொடுக்கும் பதக்கத்தில் இந்த மூன்றும் இல்லை. அந்தப் பதக்கத்தால் மற்ற 499 பேர் பாடம் நடத்துவது மாறுவதை நான் பார்த்ததில்லை. வாங்கியவருக்கு மரியாதை, அவ்வளவுதான், அதுவும் வேண்டியதுதான்.

பிள்ளைகளுக்கு வருகிறேன், ஏனென்றால் இதே கோளாறு அங்கேயும் இருக்கிறது. 2016 வரை பொதுத் தேர்வில் மாநில அளவில் முதல் மூன்று இடம் என்று அறிவித்து, அந்தப் பிள்ளைகள் வீட்டு வாசலில் கேமரா நின்றது. 2017 மே மாதம் ரேங்க் அறிவிப்பதையே அரசு நிறுத்திவிட்டது. கல்வித் துறையில் நான் பார்த்த துணிச்சலான முடிவுகளில் அது ஒன்று. அப்புறம் தனியார் பள்ளி பிளக்ஸ் போர்டுகள் ரேங்கைப் பின்வாசல் வழியாகக் கூட்டிவந்துவிட்டன, அது வேறு கதை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்போது கிடைக்கும் அங்கீகாரம் பெரும்பாலும் தேர்வு வழி. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழித் திறனறித் தேர்வு. தமிழ்நாட்டில் 6,695 பேருக்கு, ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். பதினொன்றாம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு, 1,500 பேருக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 1,500. ஊரகத் திறனாய்வுத் தேர்வு என்று பழைய ஒன்று இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் மாவட்டத்துக்கு 50 ஆண், 50 பெண். அதற்குக் கிடைப்பது ஆண்டுக்கு 1,000 ரூபாய். மாதத்துக்கு இல்லை, ஆண்டுக்கு. இன்றைக்கு அதில் ஒரு ஜோடி ஷூ வாங்கலாம். ஆனாலும் அந்தப் பட்டியலில் பெயர் வந்த பிள்ளையின் அப்பா அந்தச் சான்றிதழை லேமினேட் செய்து வீட்டில் மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். காசைவிட அந்தக் காகிதம்தான் அங்கே வேலை செய்தது.

இதில் 2022-23-ல் தொடங்கிய கலைத் திருவிழாவை நான் தனியாக வைப்பேன். பறை அடிக்கிற பையனும் களிமண்ணில் உருவம் செய்கிற பெண்ணும் பள்ளி, வட்டாரம், மாவட்டம் தாண்டி மாநிலம் வரை போய், கலையரசன், கலையரசி என்று பட்டம் வாங்கி வருகிறார்கள். மதிப்பெண் பட்டியலில் என்றைக்கும் மேலே வராத பிள்ளைகள் மேடை ஏறுகிற அரசு ஏற்பாடு என்று அதைச் சொல்லலாம். எங்கள் பக்கத்துப் பள்ளியில் அடிக்கடி மட்டம் போடும் ஒரு பையன், ஒத்திகைக்காக மூன்று மாதம் தவறாமல் வந்தான். ஒரு பையனை வைத்துப் பொதுவாகச் சொல்ல மாட்டேன், ஆனால் அவன் டீச்சருக்கு அது போதுமானதாக இருந்தது.

மாறாக, நாங்கள் நல்லது என்று நினைத்து வருடக்கணக்காகக் கொடுத்துவந்த முழு வருகைப் பரிசைப் பற்றி எனக்கு இப்போது சந்தேகம் வந்திருக்கிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் 15,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரு மாதம் லீவே போடாமல் வந்ததற்காகப் பின்னால் சான்றிதழ் கொடுத்த பிள்ளைகள், அதற்கடுத்த மாதம் மற்றவர்களைவிட அதிகமாக லீவு போட்டார்கள். எதிர்பார்த்ததற்கு மேலேயே வந்துவிட்டோம் போலிருக்கிறது என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். நம் ஊர்ப் பிள்ளைகள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்களா என்பது வேறு விஷயம். ஆனால் அம்மை போட்டு ஒரு வாரம் வராத பிள்ளைக்குக் கிடைக்காத பரிசை, வீட்டில் பிரச்சினையே இல்லாத பிள்ளைக்கு நான் பத்துப் பதினைந்து ஆண்டு விழாக்களில் என் கையாலேயே கொடுத்திருக்கிறேன்.

பள்ளிகளுக்கான விருதை வேகமாகக் கடந்துவிடுகிறேன், உங்கள் கேள்விக்கு அது கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது. காமராஜர் பிறந்தநாளான ஜூலை 15, கல்வி வளர்ச்சி நாள். அதையொட்டி மாவட்டத்துக்கு ஒரு தொடக்க, நடுநிலை, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளியைத் தேர்ந்து பரிசுத் தொகை தரும் வழக்கம் வந்தது. அண்மையில் அறிஞர் அண்ணா தலைமைத்துவ விருது என்று 100 தலைமை ஆசிரியர்களுக்குக் கொடுத்து, அவர்கள் பள்ளி வளர்ச்சிக்குத் தலா 10 லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். பணம் ஆளுக்குப் போகாமல் பள்ளிக்குப் போவது நல்ல யோசனை. ஆனால் 18 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர் இருக்கும் தொடக்கப் பள்ளி எந்த வரிசையில் நின்று போட்டி போடும்? நூறு விழுக்காடு தேர்ச்சிப் பாராட்டு இன்னும் சிக்கலானது. அந்த நூறுக்காக, தேற மாட்டான் என்று பட்ட பையனை ஒன்பதாம் வகுப்போடு நாசூக்காக டிசி வாங்க வைத்த கதைகள் எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரியும், யாரும் எழுத்தில் சொல்ல மாட்டோம். 97 விழுக்காடு எடுத்த பள்ளியில் அந்த மூன்று விழுக்காடு யார் என்று கேட்டுவிட்டுத்தான் நான் பாராட்டுவேன்.

இனி உங்கள் வேலை. முதலில் டீச்சரிடம் போய்க் கேளுங்கள், அவருக்கு இதில் விருப்பம் இருக்கிறதா என்று. சிலருக்கு உண்மையிலேயே விருப்பம் இருக்காது. விருதுக்கு எழுதிப்போட்டுக் கிடைக்காமல் போனால் ஸ்டாஃப் ரூமில் பேசுவார்கள் என்ற பயமும் இருக்கும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால், படிவத்தை அவர் நிரப்பட்டும், அதை உங்களால் செய்ய முடியாது. அதற்குள் போகும் சரக்கை நீங்கள் சேர்க்கலாம். மாநில விருதுக்கான சுற்றறிக்கையும் தேசிய விருதுக்கான இணைய விண்ணப்பமும் பெரும்பாலும் ஜூன், ஜூலை வாக்கில்தான் வரும். வந்தால் பத்து, பதினைந்து நாள்தான் அவகாசம் இருக்கும். விதிகளில் சின்னச் சின்ன மாற்றம் வருடா வருடம் உண்டு, அந்த வருடத்துச் சுற்றறிக்கையை வாங்கிப் படித்துவிடுங்கள். சேகரிப்பதை அதற்கு நாலு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

என்ன சேர்ப்பது? கேடயம் கொடுக்க யோசிக்காதீர்கள். 'அன்பானவர், பண்பானவர், அர்ப்பணிப்பு மிக்கவர்' என்று எழுதிய பாராட்டுக் கடிதங்களை நான் நூற்றுக்கணக்கில் புரட்டியிருக்கிறேன், ஒன்றுகூட நினைவில் இல்லை. அந்த மலையடிவாரப் பள்ளி ஆசிரியையின் பெயர்ப் பட்டியல் இன்னும் கண்ணில் நிற்கிறது. அதைப் போல ஒன்று செய்யுங்கள். 24 வருடத்தில் அவரிடம் படித்தவர்களைத் தேடிப்பிடித்து, யார் எந்த வருடம் படித்தார், இப்போது என்ன செய்கிறார், அவர் தனக்குச் செய்த குறிப்பான ஒரு காரியம் என்ன என்று ஆளுக்கு நாலு வரி எழுதி வாங்குங்கள். நர்ஸ் ஆனவரும் வேண்டும், டிராக்டர் ஓட்டுபவரும் வேண்டும். ஊரில் எந்த வருடத்திலிருந்து பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்புக்குப் பிறகும் படிக்கப் போனார்கள் என்பது பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டையும் மாற்றுச் சான்றிதழ் அடிக்கட்டையும் பார்த்தால் தெரியும். தலைமை ஆசிரியரிடம் கேட்டால் எடுத்துக் கொடுப்பார். இதெல்லாம் கோப்பில் ஏறினால், மாவட்டத்தில் பார்ப்பவருக்குக் கலர் போட்டோவைத் தாண்டிப் படிக்க ஏதோ இருக்கும்.

அப்புறம் பள்ளி மேலாண்மைக் குழு. 2024-ல் அதை மாற்றி அமைத்தபோது 24 உறுப்பினர்களாக்கி முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். உங்கள் பள்ளிக் குழுவில் அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். குழுக் கூட்டத்தில் அவரைப் பாராட்டி, காரணங்களைக் குறிப்பிட்டு ஒரு தீர்மானம் போட்டு, நகலைக் கோப்பில் இணைக்கச் சொல்லுங்கள். ஊர் கூடிப் பள்ளியை மதிப்பது நமக்குப் புதிதில்லை. காமராஜர் காலத்தில் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராக இருந்தபோது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி, பெஞ்சும் கரும்பலகையும் நிலமும் கொடுத்த ஊர்க்காரர்களை மேடையேற்றி மரியாதை செய்தார்கள். அப்போது அரசு ஊரைப் பாராட்டியது. இப்போது ஊர் ஆசிரியரைப் பாராட்டிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தத் தீர்மானத்தோடு இரண்டு பேர் வட்டாரக் கல்வி அலுவலரை நேரில் பார்த்து, பரிந்துரைக் கட்டத்தில் ஒரு வரிக்கு மேல் எழுதச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் எழுதுவார்கள். என்னிடம் யாராவது வந்து கேட்டிருந்தால் நான் எழுதியிருப்பேன்.

இவ்வளவும் செய்து கிடைக்காமல் போகலாம். மேலே சொன்ன எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் கிடைக்காமல் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அடுத்த வருடமும் போடலாம், மூன்று வருடம் கையில் இருக்கிறது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். அலுவலகத்துக்குள் போன கோப்பு திரும்பி வராது. பீரோவில் கட்டாகக் கட்டிக் கிடந்து ஒரு நாள் எடைக்குப் போகும். அதனால் நீங்கள் சேர்த்த அந்த நாலு வரிக் கடிதங்களின் நகல்களை மட்டும் கருத்துருவில் வையுங்கள். அவரவர் கையால் எழுதிய அசல்களைத் தனியாக ஒரு நோட்டாகத் தைத்து டீச்சரிடமே கொடுத்துவிடுங்கள், செப்டம்பர் 5 வரை காத்திருக்காமல்.